துடைத்து வைத்த விசிறி

கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று என் மருமகள் சொன்னதும், "வாங்கப் போறேன்னு சொல்லும்மா" என்று திருத்தினேன்.

"இல்ல மாமா, கட்டத்தான் போறேன். ஒவ்வொண்ணா வாங்கி நானே மாட்டப் போறேன்."

சுவரில் ஆணி அடித்தால் தன் விரலில் அடித்துக்கொள்கிறவள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

காரணம் அவளுடைய அண்ணன். என் மகன் இறந்து ஒரு வருஷம் முடிந்ததும் அவர் வந்திருந்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு இங்கயே இருப்ப? வீட்டுப் பிளான் வரையுற வேலைதானே, நம்ம வீட்ல உக்காந்தும் பாக்கலாமே. நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்தா போதாதா?" என்று கேட்டார். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றாள் இவள். சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த என் காதில் இரண்டும் விழுந்தன. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அடுத்த வாரத்திலிருந்து பெட்டிகள் வரத் தொடங்கின. "இது மதர்போர்டு மாமா, மத்ததெல்லாம் இதுமேலதான் உக்காரும்" என்று ஆசையாகக் காட்டுவாள். நான் "ம்" என்பேன். ஒவ்வொரு பெட்டி வரும்போதும், அவள் கிளம்பும் நாள் நெருங்குகிறது என்று எண்ணிக்கொள்வேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயசுப் பெண்ணிடம், இந்தக் கிழவனுக்குத் துணையாக இரு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? தெருவில் ஒருத்தர் விடாமல் வம்பு பேசுகிற நான், அவளிடம் மட்டும் ஊமையாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து அட்டை விரித்தாள். எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"எதைத் தொடுறதா இருந்தாலும் முதல்ல இந்த இரும்புக் கூட்டைத் தொட்டுக்குங்க மாமா, எல்லாத்தையும் இதுக்குள்ளதான் மாட்டப் போறேன். நம்ம உடம்புல இருக்குற கரன்ட் பட்டா இதெல்லாம் போயிடும்."

"என் உடம்புல கரன்ட் இருந்தா மாடிப்படி ஏற ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?"

சிரித்துக்கொண்டே, சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

என் கை சும்மா இருக்காது. வேலை பார்த்த காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவிக் கொடுத்தவன் நான். இரும்புக் கூட்டை ஒழுங்காகத் தொட்டுக்கொண்டு, ப்ராசசர் சூடாகாமலிருக்க அதன்மேல் மாட்டுகிற விசிறியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! யாரோ உபயோகித்த அழுக்குச் சரக்கை என் வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறான் கடைக்காரன். பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து அழுத்தித் துடைத்தேன். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது.

அவள் வந்ததும் பெருமையாக நீட்டினேன். அவள் முகம் மாறியது.

"மாமா... இதுல பேஸ்ட் இருந்துச்சே?"

"அழுக்குன்னு துடைச்சிட்டேன்."

"அது அழுக்கு இல்ல மாமா. சூட்டை ப்ராசசர்லேர்ந்து விசிறிக்கு இழுக்குறதே அதுதான். அது இல்லாம மாட்ட முடியாது."

இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் என்னையும் மீறி வெளியே வந்தது. "சத்தியமா தெரியாமப் பண்ணிட்டேம்மா. நீ போகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணினேன்னு மட்டும் நினைச்சுடாதே."

"எங்க போகக் கூடாது?"

"உங்க அண்ணன் வீட்டுக்கு. அதுக்குத்தானே இதெல்லாம்?"

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்தது.

"போறவ லேப்டாப் வாங்கிட்டுப் போயிருப்பேனே மாமா. இந்தக் கூட்டைத் தூக்கிப் பாருங்க, கல்லு கணக்கா கனக்குது. இதை யாராவது ஊர் ஊரா சுமப்பாங்களா? அண்ணன்கிட்ட அன்னிக்கு ராத்திரியே வரலைன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே. நான் போனா உங்களுக்கு நிம்மதின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"அட பைத்தியமே!" என்றேன். அவளும் நானும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இப்படி இருந்திருக்கிறோம்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கையிலிருந்த விசிறியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் துடைச்சிருக்கீங்க. பேஸ்ட் தனியா விக்குது, வாங்கித் தடவிக்கலாம். எப்படியும் நாலஞ்சு வருஷத்துல அது காஞ்சுடும் மாமா. அப்ப துடைச்சிட்டுப் புதுசா போடணும். அந்த வேலை உங்களுக்குத்தான்."

நாலஞ்சு வருஷம். ஸ்பிரிட் பாட்டிலை மூடிக் கீழே வைத்தேன்.

"அதுக்கென்னம்மா, துடைச்சுடலாம்" என்றேன்.