திருப்பி அழைக்கப்பட்ட கப்பல்

"அப்பா, பாலம் வருது. பாலத்தத் தாண்டறோம்" என்று பாவ்ஜூ குனிந்து அவர் காதில் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் துங்காங் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கடைசி மூச்சோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஒவ்வொரு பாலத்தையும் ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே வரவேண்டும். இல்லாவிட்டால் உயிர் வழி தெரியாமல் பின்தங்கிவிடும் என்பார்கள். அவருக்கென்று மூச்சு அதிகம் மிச்சமில்லை. ஆம்புலன்ஸோடு வந்த பெண் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி உள்ளே அனுப்பிய காற்றுதான்.

வீட்டில் சித்தப்பா கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிப் பலகைக் கட்டில் போட்டிருந்தார். சாவு சாமி கண்ணில் படக் கூடாதென்று மாடத்தைச் சிவப்புத் தாளால் மூடியிருந்தார். அண்ணனை இறக்கிக் கிடத்தியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அம்பது வருஷம் கடலுக்குப் போனான். சொன்ன நாள்ல ஒரு தடவகூட வீடு வந்து சேர்ந்ததில்ல. இன்னைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கான்" என்றார்.

"பைய எப்ப எடுக்கலாம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் தம்பி வரணும்."

"எங்க இருக்காரு?"

"காவ்சியுங் துறைமுகத்துல."

"நாப்பது நிமிஷந்தானே. வந்துருவாரு."



தம்பி ஜின்ஹாய் கேப்டனாக இருந்த கப்பல் காலை ஆறு மணிக்கே கரை கட்டிவிட்டது. ஆனால் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. மீன்வள அதிகாரிகள் ஏறி, கிடங்கைத் திறந்து, உறைந்த சூரை மீன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதத்துக்கு முன்பு அப்பாவின் நுரையீரல் இனித் தேறாது என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் நடுக்கடலில் இருந்த தம்பியிடம் பேசினாள். கப்பல் முதலாளி விடமாட்டேன் என்கிறார், இன்னும் ஐந்து மாதம் ஆகும் என்றான். அவன் குரலும் ஓய்ந்துபோயிருந்தது. "ரெண்டு நாளா தூக்கம் இல்லக்கா. பெருங்கண் சூரைக்கு நமக்கு விதிச்ச அளவு தாண்டியாச்சு. மஞ்சள் சூரைன்னு எழுதச் சொல்றாரு. கப்பல் எங்க இருக்குன்னு காட்டற கருவிய அணைச்சுப் போட்டுட்டு இன்னொரு கப்பலுக்கு ராவோட ராவா மீன மாத்தி விட்டோம்." அலுப்பில் தேதி, இடம் எல்லாம் சேர்த்துச் சொன்னதுதான். அதோடு தொடர்பு அறுந்தது.

அம்மா இறந்தபோது பாவ்ஜூவுக்குப் பத்தொன்பது வயது. ஜின்ஹாய் பள்ளிக்கூடப் பையன். அப்பா ஏழு மாதம் கழித்துக் கடலிலிருந்து வந்து, வாசலில் பையை வைத்துவிட்டு, "கடைசியா கூடத்துல எந்தப் பக்கம் படுத்திருந்தா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சாவைப் பற்றி எதுவுமே கேட்டதில்லை.

தம்பியை அனுப்பச் சொல்லிக் கப்பல் முதலாளியின் அலுவலகத்துக்கு நான்கு தடவை போய்க் கெஞ்சிப் பார்த்தாள். ஐந்தாவது தடவை அங்கே போகவில்லை. மீன் சந்தையில் குடல் எடுக்கும் வேலை முடிந்ததும், கையுறையைக் கழற்றாமலே மீன்வள அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கப்பலின் பெயர், கருவி அணைந்த தேதி, மீன் மாற்றிய இடம், எல்லாம் சொன்னாள். ஐந்தாம் நாள், சோதனைக்கு உடனே துறைமுகம் திரும்பு என்று கப்பலுக்கு உத்தரவு போனது.

"அக்கா, எனக்கு அடுத்த ஆள் காத்திருக்காங்க" என்றாள் ஆம்புலன்ஸ் பெண். "பைய வச்சுக்குங்க. நீங்க மூச்சு விடற வேகத்துல அமுக்குனாப் போதும்."

பாவ்ஜூ அமுக்கினாள். இருபது வருடம் மீனறுத்த கை. அரை மணியில் அதுவும் மரத்துப்போனது. சித்தப்பா போனை அவள் காதில் பிடித்துக்கொண்டார். தம்பியை இறங்க விடுங்கள் என்று கேட்டாள்.

"அம்மா, எனக்குப் புரியுது" என்றார் கப்பலில் இருந்த அதிகாரி. அவரும் விடியற்காலையிலிருந்து நிற்கிறவர்போலத்தான் பேசினார். "ஒவ்வொரு மீனா எடை போடறோம். கேப்டன் நின்னு பாத்துக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா நாளைக்கு அது என் மீனே இல்லம்பாங்க. எல்லா நாடும் சேந்து போட்ட விதி. நம்ம கப்பல்தானேன்னு நாங்களே விட்டா, அப்புறம் நம்ம மீன எவன் தொடுவான்?"

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பாதி."

நான்தான் ஐயா உங்களுக்குச் சொன்னேன் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. சொன்னால் விடுவாரோ என்னவோ. கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேர் வீட்டிலும் ஆண்கள் கப்பல் வேலையில்தான் இருந்தார்கள். போனைப் பிடித்திருந்த சித்தப்பாவின் மகனும்கூட.

"மேல கேட்டுப் பாக்கறேன்மா" என்றார் அதிகாரி.

பாவ்ஜூ அமுக்கிக்கொண்டே இருந்தாள். "ஜின்ஹாய் வந்துக்கிட்டிருக்கான்ப்பா" என்றாள். ஒரு பெண் வந்து கை மாற்றிக்கொள்ளவா என்று கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். மூன்றரை மணிக்கு அப்பாவின் நகங்கள் நிறம் மாறின. சித்தப்பா அவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அவள் கைமேல் கை வைத்தார்.

"போதும்மா. வெறும் காத்துதான் போகுது."

அவள் இன்னும் நான்கு தடவை அமுக்கினாள். சித்தப்பா பையை மெதுவாக உருவி எடுத்தார்.

ஜின்ஹாய் ஐந்தரைக்கு டாக்ஸியில் வந்து இறங்கினான். ரப்பர் பூட்ஸ்கூட மாற்றவில்லை. சாவுக்கு அடையாளமாக வாசலில் கிழித்து ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைப் பார்த்து அப்படியே நின்றான்.

"நடந்து வராதடா" என்றார் சித்தப்பா. பிந்தி வந்த பிள்ளை முட்டி போட்டுத்தான் வரவேண்டும். அவன் தெருவிலேயே மண்டியிட்டு, சிமெண்ட் முற்றத்தைத் தாண்டி, படியேறி, கூடம் முழுக்கத் தவழ்ந்து வந்து கட்டிலின் கால்மாட்டில் நெற்றியைத் தரையில் வைத்தான். வெகுநேரம் எழவில்லை.

சடங்குக்காரரை அழைத்துவர சித்தப்பா போனார். பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள்.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான்கா" என்றான் ஜின்ஹாய், முக்காலியில் உட்கார்ந்து. "கருவி அணைச்ச தேதி வரைக்கும் சரியாச் சொல்லியிருக்கான். அந்தத் தேதிய நான் யாருக்கும்..."

அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான்டா" என்றாள் பாவ்ஜூ.

அடுப்படியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"என்னோட சேத்து இருபத்திமூணு பேருக்கா கப்பல்ல. எல்லாருக்கும் வேல போச்சு. என் லைசென்ஸும்தான்."

"தெரியும்."

"நான் பண்ணது தப்புதான். அத நான் இல்லன்னு சொல்லல." கட்டில் பக்கம் திரும்பினான். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. நீ வர்றேன்னு மட்டுந்தான் சொன்னேன்."

அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கால்சட்டை முட்டியில் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. பாவ்ஜூ எழுந்து போய் டிங்சர் புட்டியும் பஞ்சும் எடுத்துவந்தாள். மூடியைத் திறந்துகொண்டு அவன் முன்னால் குனிந்தாள்.

அவன் புட்டியைப் பிடுங்கிக்கொண்டான். தானே கால்சட்டையைச் சுருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு தடவினான். ஒரு முட்டி முடிந்ததும் மறு முட்டி. பிறகு மூடியைத் தரையில் தேடினான். முக்காலிக்கு அடியில் பார்த்தான். அது அவள் கையில் இருந்தது.

அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.