இருபத்தைந்து சென்டிமீட்டர்

கடல் பாலத்தைத் தாண்டும்போதே எனக்கு உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிடும். தொழிற்சாலை இருக்கும் பத்து காவானிலிருந்து வீடு இருக்கும் ஜெலுத்தோங்குக்கு ஓட்டிவருவதில் பயம் இல்லை. லாரிகளுக்கு நடுவிலும் ஓட்டிவிடுவேன். பயமெல்லாம் கடைசி ஐந்து மீட்டரில்தான்.

எங்கள் வீட்டு போர்ச்சில் சுவரோரமாக வாஷிங் மெஷின் இருக்கிறது. அதற்கும் கேட்டுக்கும் இடையே நானூற்று முப்பது சென்டிமீட்டர். காரின் நீளம் முந்நூற்றுத் தொண்ணூறு. முன்னால் இருபத்தைந்து விட்டால் பின்னால் பதினைந்து மிஞ்சும், கேட்டை இழுத்துச் சாத்தலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மெஷினை ஒருமுறை இடித்தேன். அன்றிலிருந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பேன். அப்பா வந்து உள்ளே விடுவார். சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். காலையில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அவருக்கு ஒரு டென்னிஸ் பந்து துணை. கூரைக் கொக்கியிலிருந்து நைலான் கயிற்றில் தொங்கும். அது முன் கண்ணாடியில் பட்டதும் நிறுத்த வேண்டும். ஆனால் அது பழைய காருக்குக் கட்டியது. "இந்தக் காடிக்கு, பந்து பட்டப்புறம் இன்னும் ஒரு ஜாண் விடணும்" என்பார். அந்த ஜாண் அவர் காலுக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியாது. கயிற்றை மாற்றிக் கட்டலாமா என்று கேட்டேன். "அதான் நான் இருக்கேன்ல" என்றார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். மூன்று வாரத்துக்கு முன் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் அழுத்தம். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கங்கள் மறைந்துகொண்டு வருகின்றன, இடது பக்கம் ஏறக்குறைய போய்விட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். திரும்பி வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் அப்பா, "அம்மாகிட்ட இப்ப சொல்லாதம்மா. நானே சொல்றேன்" என்றார். பிறகு வாசலில் இறங்கி, சாவிக்குக் கை நீட்டினார்.

கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் காரை உள்ளே விடும்போது பக்கத்து வீட்டு காஜா மொய்தீன் அண்ணனின் பூந்தொட்டி உடைந்தது. "யாரு இத இங்க கொண்டாந்து வச்சது?" என்று கேட்டார் அப்பா. அது நான்கு வருடமாகக் கேட்டுக்கு இடது பக்கம் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் மேல்தான் அண்ணனின் ஆறு வயது மகள் ரொஸ்னா சைக்கிளைச் சாய்த்து வைப்பாள்.

நீங்கள் ஓட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தவள் நான். காரை நானே உள்ளே விட்டுவிட்டால் அவர் சாவி கேட்கக் காரணம் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

நான் படித்தது இயற்பியல். தொழிற்சாலையில் சென்சார்களைச் சோதிப்பது வேலை. இணையத்தில் சின்ன லேசர் சென்சார் ஒன்றை வாங்கினேன். அது ஒளியை அனுப்பும், பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். மூன்று விளக்குகளோடு அதை ஒரு மார்ஜரின் டப்பாவில் பொருத்தி, வாஷிங் மெஷினின் முன்பக்கத்தில் ஒட்டினேன். பச்சை என்றால் வா. மஞ்சள், மெதுவாக. சிவப்பு, இருபத்தைந்து சென்டிமீட்டர், நில்.

"என்னாடி இது, மெஷினுக்குப் பொட்டு வச்ச மாதிரி?" என்றாள் அம்மா.

"காடி உள்ள விடறதுக்கும்மா."

"அதுக்குத்தான் உங்கப்பா இருக்காரே."

அப்பா குனிந்து டப்பாவைப் பார்த்தார்.

திங்கள் முதல் வியாழன் வரை டேப் வைத்து அளந்தேன். 25, 24, 25, 26. ஹாரன் அடிக்கவில்லை. சத்தம் கேட்டு அப்பா வெளியே வரும்போது நான் கேட்டைச் சாத்திக்கொண்டிருப்பேன். நீட்ட வந்த கையை அவர் கைலியில் துடைத்துக்கொள்வார். சாவியை மேசையில் வைப்பேன். காலையில் அது அவர் சட்டைப் பையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தெருவுக்குள் திரும்பினேன். கேட் திறந்திருந்தது. பச்சை. மெதுவாக உள்ளே விட்டேன். பந்துக்கு இன்னும் நிறையத் தூரம் இருக்கும்போதே சிவப்பு விழுந்தது.

பிரேக்கை மிதித்தேன். காரின் பின்பாதி தெருவில் நின்றது. முன்னால் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் கால் பிரேக்கை விடவில்லை. அந்த விளக்கு நான்கு நாளும் சரியாகச் சொல்லியிருந்தது. மெஷினை இடித்தது என் கண்தான்.

பின்னால் ஹாரன். காஜா மொய்தீன் அண்ணனின் வேன். "என்னா தங்கச்சி, பாதியிலே படுத்துக்கிச்சா? நான் தொழுகைக்குப் போவணும்லா!"

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். விளக்கையே பார்த்து வந்ததில் கவனிக்கவில்லை, போர்ச் முழுக்கச் சாம்பிராணிப் புகை. அம்மா தூபக்காலோடு மெஷின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சாமி அறையில் தொடங்கி, வீடெல்லாம் காட்டி, கடைசியில் போர்ச்சுக்கு வருவாள். எனக்குத் தெரியாததா? மற்ற வெள்ளிகளில் ஓவர்டைம் முடிந்து நான் வரும்போது புகை அடங்கியிருக்கும். இன்று ஒளி புகையில் பட்டே திரும்பிவிட்டது. தொழிற்சாலையில் தூசு நுழையாத அறையில்தான் சோதிப்போம். அங்கே யாரும் சாம்பிராணி போடுவதில்லை.

"அம்மா, புகையாலதான் சிவப்பு எரியுது!"

"வெள்ளிக்கிழமை புகை போடாம இருக்க முடியுமா? உன் டப்பாவுக்கும் சேத்துத்தான் காட்டினேன், திருஷ்டி பட்டுரக் கூடாதுன்னு."

வேனிலிருந்து அண்ணன் சிரித்தார். பிறகு மறுபடி ஹாரன் அடித்தார்.

அப்பா வெளியே வந்து, காரைச் சுற்றி என்னிடம் வந்தார். "தள்ளும்மா. நான் விடறேன்." கை நீண்டது.

"வேணாம்பா."

"என்னா வேணாம்? காஜா நிக்கிறாரு பாரு."

"சாவியக் குடுடி" என்றாள் அம்மா. "உனக்குத்தான் வராதே. அவரு பஸ்ஸையே ஓட்டுனவரு."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் பயப்படுவது தெரிந்தது. அந்த நேரம் அவர் இடது தோளுக்கு ஓர் எட்டு தள்ளி சைக்கிள் மணிச் சத்தம். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினார்.

"எங்கருந்தும்மா வந்த?"

"நான் இங்கதானே நிக்கிறேன் தாத்தா" என்றாள் ரொஸ்னா, சைக்கிளில் உட்கார்ந்தபடி.

சாவி உள்ளங்கையில் குத்தியது.

"நான்தான் விடப் போறேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போல. மறுபடி, சத்தமாகச் சொன்னேன். "நான்தான்பா விடப் போறேன். நீங்க மெஷின்கிட்ட நின்னு பாருங்க. நேரா பாத்துச் சொல்ல ஆள் வேணும்."

"இவ இடிச்சிட்டான்னா?" என்றாள் அம்மா.

அப்பா நீட்டிய கையை மெல்ல இறக்கினார். பிறகு உள்ளே நடந்து மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மெஷினின் முன்விளிம்பில் வலது கட்டைவிரலை ஊன்றி, ஜாணை விரித்தார். சுண்டுவிரல் காரை நோக்கி நீண்டிருந்தது. இடது கையால் வா என்று காட்டினார்.

இப்போது நான் இடித்தால் நசுங்குவது மெஷின் இல்லை.

ரொஸ்னாவை அவர்கள் வாசலுக்குப் போகச் சொன்னேன். போனாள். ஏறி உட்கார்ந்தேன். சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. பிரேக்கை இம்மி இம்மியாக விட்டேன். பந்து கண்ணாடியில் பட்டு வழுக்கி மேலேறியது. அப்பா நேரே அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார், இமைக்காமல். வா. வா. இன்னும்.

சுண்டுவிரல் பானட்டில் பட்டது. அப்பா இரண்டு தட்டுத் தட்டினார்.

அம்மா கேட்டை இழுத்தாள். கொண்டி விழுந்தது. வேன் கடந்து போகும்போது அண்ணன், "ஆ, அவ்ளோதான்லா!" என்று கத்திவிட்டுப் போனார்.

நான் இறங்கினேன். அப்பா கையைக் கைலியில் துடைத்தார். இந்த முறை என் பக்கம் நீட்டவில்லை.

"தனம், தூபக்கால வச்சிட்டு உள்ள வா" என்றார் அம்மாவிடம். "டாக்டர் ஒண்ணு சொன்னாரு. அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

உள்ளே அப்பாவின் குரல் தாழ்ந்து கேட்டது. அம்மா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. போவதா நிற்பதா என்று தெரியவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது. மேசையில் வைப்பதா, பையில் போடுவதா என்றும் தெரியவில்லை. கைமாற்றி, மறுபடி கைமாற்றி, வியர்வையில் அது ஈரமாகிக்கொண்டிருந்தது.