ஆறு விளக்கும் எரியுது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு எலக்ட்ரீஷியனின் சட்டைப் பையிலிருந்து வந்தது. பையில் ஒரு ஃபியூஸ் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு, சிவப்புப் பிளாஸ்டிக். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் நான் இன்று வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

நான் நன்றாகப் பொய் சொல்பவன். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. இந்த முறை அந்தத் திறமைக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. எங்கே வைத்தேனோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கங்கள்:

"அந்தி சாயும் மைதானத்தில் வெள்ளை வெள்ளையாய் நின்ற வண்டிகள், கரையொதுங்கிய—" (வேண்டாம். கரையொதுங்கியது எதுவாக இருந்தாலும் வேண்டாம்.)

"விளக்கு என்பது வெறும் விளக்கு மட்டும்தானா?" (ஆமாம். அடுத்தது.)

"என் அக்கா புருஷன் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர்." (இது நிற்கும்.)

என் அக்கா புருஷன் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்பார். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று ஒரு கேரவன் வாங்கினார். கேரவன் என்றதும் நடிகர்கள் ஏறி உட்காரும் குளிர்சாதன வண்டியை நினைக்காதீர்கள். இது காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை, அக்காவின் தையல் மெஷின். ஓர் ஊரில் இரண்டு மாதம், இன்னோர் ஊரில் மூன்று மாதம், இவரைப் போன்றவர்களின் கேரவன்கள் வரிசையாக நிற்கும் ஏதாவது ஒரு மைதானத்தில். ஊர் சுற்றுவதற்கென்றே பிறந்தவர் மாமா. அக்கா அவரோடு இருப்பதற்கென்று கிளம்பியவள்.

முதல் வரைவில் "மாமா கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்" என்று எழுதியிருந்தேன். கெட்டிக்காரர் என்ற அர்த்தத்தில்தான். அடித்துவிட்டேன். நம் மொழியில் கண்ணைத் தொடாமல் யாரையும் பாராட்டவோ திட்டவோ முடியாது என்பது இந்தக் கதையை எழுதும்போதுதான் தெரிந்தது. ஏழு இடத்தில் அடித்தேன்.

3

போன மாதம் அக்கா போன் செய்தாள். வண்டிக்கு வெளிவிளக்கு போட வேண்டும், வந்து கூட நில் என்றாள்.

"வெளிவிளக்குதான் இருக்கே, பின்னாடி இடது பக்கம் மூணு, வலது பக்கம் மூணு?"

"அது கார் கூட மாட்டியிருந்தா எரியும். காரைக் கழட்டிட்டா செத்துப்போயிடும். நிறுத்தியிருக்கும்போதும் எரியணும்."

"எதுக்கு?"

"அழகுக்குத்தான்" என்றாள்.

அழகுக்கு எதையும் செய்கிறவள் அல்ல என் அக்கா. காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அந்தப் போனுக்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் குளிக்கப் போன மாமா, திரும்பி வரும்போது துண்டைத் தோளில் போட்டபடி அடுத்தவர் கேரவனுக்குள் ஏறி, அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் "காபி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். மைதானமே சிரித்தது. நானும் போனில் சிரித்தேன். "எல்லா வண்டியும் வெள்ளை. நான் என்ன பண்ணட்டும் மச்சான்?" என்றார் மாமா. நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

4

எலக்ட்ரீஷியன் ஒரு பெண். கொண்டையில் டெஸ்டரைச் செருகியிருந்ததால் மைதானத்தில் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். கதைக்காக அவரை ஆணாக்கிப் பார்த்தேன். உடனே அவனும் மாமாவும் பஸ் கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள், வேலை நகரவில்லை. மறுபடியும் பெண்ணாக்கினேன்.

கட்டிலுக்கு அடியில் இருந்த பேட்டரியிலிருந்து வயர் இழுத்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். இடது வரிசைக்கு ஒரு ஃபியூஸ், வலது வரிசைக்கு ஒரு ஃபியூஸ். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி, ரிலே.

"கார் பிளக்கைச் சொருகினா இந்த பேட்டரி தானா ஒதுங்கிக்கும்" என்றார். "ஒரு விளக்குக்கு ரெண்டு பேர் கரண்ட் குடுத்தா வம்பு. இந்தப் பெட்டி இல்லேன்னா, இங்க நீங்க சுவிட்ச் போட்டதும் கரண்ட் பின்னாலயே போய் காருக்குள்ள ஏறிடும்."*

* முதல் வரைவில் ரிலே இல்லை. டெஸ்டரிடம் படித்துக் காட்டினேன். "இப்படி வயர் பண்ணா உங்க கதை புகைஞ்சிடும்" என்றார். சேர்த்துவிட்டேன்.

ஐந்தே முக்கால் மணி. வெயில் போய்விட்டது, வெளிச்சம் இன்னும் இருந்தது. மாமா வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் அக்கா பிரேக்கை மிதிப்பாள், அவர் பின்னால் நின்று எது எது எரிகிறது என்று கத்துவார். பஸ் ஷெட்டில் பழகிய பழக்கம். இன்றைக்கு நான் உள்ளே சுவிட்ச் அருகில், டெஸ்டர் படியில்.

"இடது வரிசை மட்டும் பார்க்கலாம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார் டெஸ்டர். வலது ஃபியூஸ் இன்னும் அவர் பையில்தான் இருந்தது. நான் சுவிட்சைப் போட்டேன்.

"இடது எரியுது! வலது எரியுது! ஆறு விளக்கும் எரியுது!" என்றது வெளியே கம்பீரமான குரல்.

டெஸ்டர் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

5

இந்த இடத்தில் எனக்கு மாமா மேல் சந்தேகம் வந்தது. பாத்திரம் சரியாக அமையவில்லையோ? வாய்ப் பழக்கத்தில் கத்தியிருக்கலாம். முப்பத்தோரு வருடம் ஒரே வாசகத்தைக் கத்தியவர் வேறென்ன கத்துவார்? வாசகரே, நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

டெஸ்டர் விடவில்லை. இறங்கிப் போய் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். "ஐயா, நிதானமா எண்ணிச் சொல்லுங்க. எத்தனை எரியுது?"

மாமா எண்ணினார். கண் நகரவில்லை, தலை நகர்ந்தது. கீழே விழுந்த மோதிரத்தைத் தேடுகிறவர் போல, கொஞ்சம் கொஞ்சமாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. பாதியில் வண்டியைத் தாண்டி வேலிக்குப் போய், திரும்பி வந்தது.

"ஆறு" என்றார். எரிந்தது மூன்று.

டெஸ்டர் உள்ளே வந்து வலது ஃபியூஸைச் சொருகினார். ஆறும் எரிந்தன. மாமா கை தட்டினார்.

சாமான்களைக் கட்டும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தாரு. நேரா பார்த்தா ஊசில நூல் கோப்பாரு. பக்கத்துல மாடு நின்னா தெரியாது. வெளிச்சம் குறைஞ்சா இன்னும் மோசம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த ஊருக்கு எப்ப கிளம்பறாங்க?"

"நாளைக்குக் காலைல."

"யாரு ஓட்டறது?"

திரும்பினேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. விளக்கு எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

6

முடிவுகள்:

அ) டெஸ்டர் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறார். மாமா கார் சாவியைத் தரையில் வீசுகிறார். (எழுதினேன். டெஸ்டரிடம் காட்டினேன். "நான் அப்படிப் பேசறவ இல்ல. பேச வேண்டியவங்க பேசட்டும்னு விட்டுட்டுப் போனவ நான்" என்றார். என்னைத்தான் சொன்னார். அடித்தேன்.)

ஆ) அக்கா சிரித்துக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் ஏறுகிறாள். (லைசென்ஸ் இருக்கிறது, பதினெட்டு வருடமாக. அவள் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார் மாமா. பத்து கிலோமீட்டரில் இறக்கி விட்டுவிடுவார். சிரித்துக்கொண்டெல்லாம் ஏற மாட்டாள்.)

இ) மலைப்பாதை. ஒரு வளைவு. இடது ஓரத்தில் ஒரு சைக்கிள்— (இதையும் எழுதினேன். மூன்று பக்கம். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் எழுதியதிலேயே நல்ல மூன்று பக்கம். கிழித்துப் போட்டேன். அந்தப் பக்கங்களில் மாமாவுக்குப் பக்கத்து இருக்கையில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள்.)

உண்மையில் நடந்தது இதுதான். மறுநாள் காலை அக்கா முழங்கால் வலிக்கிறது என்றாள். அதற்கு அடுத்த நாள் மழை வரும் போலிருக்கிறது என்றாள். பிறகு அடுப்பு சரியில்லை, பிறகு ஒரு தையல் ஆர்டர். இன்றோடு பதினொரு நாள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாயங்காலமானால் அவள் சுவிட்சைப் போடுகிறாள். மாமா அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நேராகத் தன் வீட்டுக்கு வந்து சேர்கிறார். "இப்ப பாரு, யார் வீட்டுலயும் காபி கேக்கறதில்ல" என்று போனில் சொன்னார். சிரிக்க முடியவில்லை என்னால்.

7

நேற்று அக்கா பேசினாள்.

"எங்களை வெச்சு ஏதோ எழுதறியாமே. டெஸ்டர் சொன்னா."

மாட்டிக்கொண்டேன். "பிரசுரம் பண்ண மாட்டேன்க்கா. சும்மா எழுதிப் பார்த்தேன்."

"அவர் நீ எழுதறது ஒண்ணு விடாம படிப்பார்."

"தெரியும். அதான் சொல்றேன், கொடுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடி நின்றது. பிறகு, "கொடு" என்றாள். "என்னால சொல்ல முடியலடா. வாயைத் திறந்தா, அந்த மனுஷன்கிட்ட மிச்சம் இருக்கறதையும் நானே பிடுங்கற மாதிரி இருக்கு. எனக்குப் பொய்க் காரணமும் தீர்ந்துபோச்சு. வெள்ளிக்கிழமை கிளம்பியே ஆகணும்னு சொல்லிட்டார்."

நான் எழுதும் பத்திரிகை வியாழக்கிழமை வரும்.

8

ஆகவே, வாசகரே, இவ்வளவு நேரம் உங்களிடம் பேசுவது போலப் பாவனை செய்ததற்கு மன்னியுங்கள். முடிவை உங்களிடம் ஒப்படைப்பதுதான் முறை. என்னால் முடியாது. அது ஒரே ஒருவருக்கு உரியது.

மாமா, இது வரைக்கும் வந்துவிட்டீர்களா? கோபம் வந்திருக்கும். வரட்டும், என் மேல் காட்டுங்கள். ஊர் சுற்றுவதை நிறுத்தச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கவில்லை. டாக்டரைப் பார்ப்போம், நான் கூட வருகிறேன். அவர் என்ன சொன்னாலும் சரி, இந்தக் குடும்பத்தில் பாதையும் வளைவும் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வாருங்கள். இல்லாத பிரேக்கையும் மிதித்துக்கொள்ளுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். மடக்கு மேசைக்கு அந்தப் பக்கம், தைப்பது போல உட்கார்ந்திருப்பாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்காது. தலையை அந்தப் பக்கம் முழுவதுமாகத் திருப்பினால்தான் உங்களுக்குத் தெரிவாள்.

திருப்புங்கள். வெள்ளிக்கிழமை யார் ஓட்டுவது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்.