கையலம்பிய தண்ணீர்

"சோப்புக்கெல்லாம் அது மசியாது, விடு," என்று நாத்தனாரின் கையிலிருந்த ஈரத்துணியைப் பிடுங்கினாள் அவள்.

கட்டிலில் கிடந்த புருஷனுக்கு விடியும்போதே மூச்சு நின்றுவிட்டது. கை மட்டும் இன்னும் கறுப்பாகவே இருந்தது. வண்டி வருவதற்குள் அதைச் சுத்தமாக்கிவிட வேண்டும். ஆயுசு முழுக்க அழுக்குக் கையோடு திரிந்த மனுஷன், போகும்போதாவது பளிச்சென்று போகட்டுமே!

சமையல் எண்ணெயை எடுத்து வந்து அவர் விரல்களில் தேய்த்தாள். எண்ணெயை எண்ணெய்தான் எடுக்கும் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். படகு எஞ்சின் மெக்கானிக். ஊருக்குள் அவர் பெயரே கிரீஸ்.

சரக்குக் கப்பல் பாறையில் ஏறி வயிறு கிழிந்து, கரையெல்லாம் எண்ணெய் கறுப்பாய்க் குழம்பிக் கிடந்தபோது, அள்ளப் போனவர்களுக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்தார்கள். இவர் வாங்கவில்லை.

"நான் எண்ணெயிலயே ஊறினவன்டி. இது என்னை என்ன பண்ணிடப் போகுது?"

என்ன பண்ணியது என்பதை அப்புறம் இருமல் சொன்னது. பாவி மனுஷன், தன் எண்ணெயும் அந்த எண்ணெயும் ஒன்று என்று நினைத்துவிட்டார்.

விரலிடுக்கில் கறுப்பு இளகியது. பேசின் தண்ணீரில் பல நிறத்தில் படலம் விரிந்தது. அறை முழுக்க அந்த வாடை. அவர் இப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறார் போலிருக்க, அவள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், பாதி உடம்போடு கப்பல் அப்படியே நின்றது.

"இதைப் பின்னாடி ஊத்திட்டு வரேன், அண்ணி." நாத்தனார் பேசினைத் தூக்கினாள்.

"ஐயோ, சாக்கடையில ஊத்தாதே!"

அவள் போட்ட கூச்சலில் நாத்தனார் ஆடிப்போனாள்.

தினமும் அவர் போட்ட கூச்சல் அது. சாக்கடை போய்ச் சேருவது கடலில்தானே? கையலம்பிய தண்ணீரைச் சொட்டு விடாமல் ஒரு பக்கெட்டில் பிடித்து மூடுவார். காலையில், அள்ளின எண்ணெயைப் போடக் கரையில் வைத்திருந்த பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கப்பலே கொட்டிடுச்சு, உங்க ஒரு பக்கெட்டுலதான் கடல் பிழைக்கப் போகுதாக்கும்!" என்பாள். அவர் இருமிக்கொண்டே மூடியை அழுத்துவார்.

"அப்ப எங்கதான் ஊத்தறது?"

"பக்கெட்டுல."

வண்டி வந்தது, அவரை எடுத்துக்கொண்டு போனது. கை சுத்தமாகத்தான் இருந்தது. நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் கடைசிவரை போகவில்லை.

மறுநாள் காலையில் அவளே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். பீப்பாய்கள் நின்ற இடத்தில் மணலில் வட்ட வட்டமாய்த் தடம்தான் இருந்தது.

"அதெல்லாம் அண்ணன் படுத்த வாரமே எடுத்துட்டாங்களே அக்கா," என்றான் கரையில் நின்ற காவலாளி. "சுத்தம் பண்ணி முடிஞ்சுதாம்."

அலை அவள் காலருகே வந்துவிட்டுப் போனது. குனிந்தால் போதும், ஊற்றிவிடலாம். பின்னால் யாரோ இருமியது போல் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கெட்டோடு வீடு வந்து, அவர் செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்து, மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள்.