ஜூலியஸ் கேட்ட கேள்வி

பாடாங் செராயில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த சிரிலுக்கு, 1984ஆம் ஆண்டு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலியில்லாததால் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்த தையல்காரர்தான், "இத டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி" என்றார். புக்கிட் செலம்பாவைச் சேர்ந்த பிரிஜெட்டுடன் அவனுக்கு நிச்சயமாகியிருந்தது.

பினாங்கு மருத்துவமனையில் சோதித்த டாக்டர் அழகேசன் எதையும் மறைக்கவில்லை. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய்; ஆனால் குணமாக்கக்கூடியது; உடனே மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும். சிரில் தலையாட்டினான். அவனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

கூட வந்திருந்த அண்ணன் ஜூலியஸ் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"டாக்டர், இந்த மருந்து ஏத்துனா பின்னால இவனுக்குப் புள்ள பொறக்குமா?"

சிரிலுக்கு முகம் சுட்டது. "அண்ணே, வாங்க போலாம்லா" என்று கையைப் பிடித்து இழுத்தான். ஜூலியஸ் நகரவில்லை. அவருக்கும் கேதரினுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தையில்லை. ஞானஸ்நான விருந்துகளில் கேதரின் அடுக்களைப் பக்கமே நின்றுவிடுவதை அவர் பார்த்திருக்கிறார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல வேளை கேட்டீங்க. நானே சொல்லியிருக்கணும். பொறக்காமப் போக நெறைய வாய்ப்பிருக்கு. ஆனா ஒரு வழி இருக்கு. மருந்து தொடங்கறதுக்கு முன்னாடி விந்த எடுத்து உறைய வச்சுக்கலாம். சிங்கப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் செய்யறாரு. ஒரு வாரம் தள்ளிப் போடலாம், அதுக்கு மேல முடியாது. கட்டாயம் பலிக்கும்னும் சொல்ல முடியாது."

திரும்பும்போது பெர்ரிப் படகில் சிரில் கடலைப் பார்த்தபடி கேட்டான். "இது பாவமாண்ணே? பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா?"

"எனக்குத் தெரியலடா. கடவுள் கேட்டா நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லு."

அன்றே பிரிஜெட் வீட்டுக்குப் போனார்கள். கல்யாணத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று சிரில் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிங்கப்பூருக்கு எப்ப போறீங்க?" என்றாள்.

"பிரிஜெட், நான் சொல்றது…"

"கேட்டுச்சு. போயிட்டு வாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில யாரு கூட இருக்கறதுன்னு பேசலாம்."

சிங்கப்பூர் கிளினிக்கில் தாதி ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து அறையைக் காட்டினாள். சிரிலால் முடியவில்லை. பயமும் காய்ச்சலும் வெட்கமும் சேர்ந்துகொண்டன. வியர்த்துப்போய் வெறும் டப்பாவோடு வெளியே வந்தான். ஜூலியஸ் அவனைக் காப்பிக்கடைக்கு அழைத்துப்போய் ஒரு தட்டு மீ கோரெங், பொரித்த நூடுல்ஸ், வாங்கித் தந்தார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை டிராக்டரின் கிளட்ச் தகராறைப் பற்றியே பேசினார். தம்பியிடம் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. கேட்டுக் கேட்டு சிரில் சிரித்துவிட்டான். மறுநாள் காலை அவனால் முடிந்தது.

பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. எதைத் தின்றாலும் குமட்டியது. பிரிஜெட் பஸ்ஸும் பெர்ரியும் மாறி மாறி வந்து கஞ்சி கொடுத்தாள். கட்டி கரைந்தது. அடுத்த வருஷம் பாடாங் செராய் மாதா கோயிலில் தலையில் புதிதாய் முளைத்த சுருட்டை முடியோடு அவன் அவளைக் கைப்பிடித்தான்.

டாக்டர் பயந்தது நடந்தேவிட்டது. சோதித்தபோது அவன் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. நோய் திரும்பவில்லை என்று டாக்டர் உறுதி சொன்ன பிறகு, உறைய வைத்திருந்ததைக் கொண்டு கருத்தரிக்க இருவரும் சிங்கப்பூருக்குப் போனார்கள். முதல் முயற்சி பலிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் பிரிஜெட் அழுதாள். இரண்டாவது முயற்சியில் கரு தங்கியது. 1988இல் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் மரியா பிறந்தாள்.

பிள்ளையைப் பார்க்க வந்த அண்ணனிடம் சிரில் ஏதோ சொல்லத் தொடங்கினான். "அண்ணே, அன்னைக்கு நீங்க மட்டும் கேக்கலன்னா…" ஜூலியஸ் அவன் முதுகில் தட்டினார். "அழகேசன் டாக்டருக்குச் சொல்லிட்டியா? மொதல்ல அவருக்குப் போன் பண்ணு" என்றார்.

ஞானஸ்நானத்தில் ஜூலியஸும் கேதரினும்தான் ஞானப்பெற்றோராக நின்றார்கள். தண்ணீர் பட்டதும் மரியா கோயிலே அதிர அழுதாள். விருந்தில் பிரிஜெட் இரண்டு முறை பிள்ளையைக் கேட்டு வந்தாள். "நீ போய்ச் சாப்பிடு பிரிஜெட், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, கேதரின் கூடத்தின் நடுவே நாற்காலியில் சாய்ந்து, மடியில் தூங்கும் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.