சர்பலந்த் முறிவு

குஜந்த் ஆசிரியர் கல்லூரித் தலைவர் கோசிம்ஜானுக்கு அறுபது நிறைந்தது. சும்மா நிறையவில்லை, ஒரு கஸல் தொகுப்போடு நிறைந்தது. புனைபெயர் 'சர்பலந்த்', தலைநிமிர்ந்தவன் என்று பொருள். அவர் நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. அமைச்சகத்திலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தால் மனிதர் எப்போதுதான் நிமிர்வார்?

விழாவில் அவருடைய கஸல் ஒன்றை அலகிட்டுக் காட்ட, யாப்பு ஆசிரியை மஹ்ஃபிரத்தைக் கூப்பிட்டார்கள். முதல் ஈரடி காதில் விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செத்துப்போன தம்பி ஃபைஸுல்லோவின் கஸல். அச்சுக்குத் தருகிறேன் என்று தலைவர் வாங்கிப்போன நோட்டு திரும்பி வரவேயில்லை. அவளிடம் மிஞ்சிய சாட்சி யாப்பு ஒன்றுதான்.

கரும்பலகையில் குறிலும் நெடிலுமாகக் குறித்துக்கொண்டே போனாள். இயைபு பிசகவில்லை. ஈரடிதோறும் திரும்பி வரும் கடைசிச் சொல்லும் இடம் மாறாமல் நின்றது. முடிவில், கவிஞன் தன் பெயரை வைக்கும் இடத்தில் சாக்பீஸ் நின்றுவிட்டது.

"இங்க சீர் உடையுது, தோமுல்லோ" என்றாள் தலைவரிடம், ஆசானை விளிக்கும் மரியாதையோடு. "ஒரு குறிலும் ஒரு நெடிலும் உக்கார்ற இடம். 'சர்பலந்த்' உள்ள நுழையாது. 'ஹஸீன்' நுழையும். அது என் தம்பியோட புனைபெயர்."

சம்சாக்கள் தட்டுக்குத் திரும்பின. முன்வரிசைக் கிழவர்கள் விரல்விட்டு எண்ணினார்கள்.

"அட, அந்தம்மா சொல்றது சரிதான்யா" என்றார் ஒருவர்.

தலைவர் எழுந்தார். "மஹ்ஃபிரத்ஜான்! உன்னை மாதிரி வாசகி யாருக்கும்மா கிடைப்பா? வேணும்னுதான் உடைச்சேன். தலைநிமிர்ந்தவன் எதுக்குக் குனிஞ்சு நுழையணும்? நிலைப்படி உடையட்டுமே!"

"அப்போ என் தம்பி?"

"பாவம், நல்ல பையன். என்கிட்ட கத்துக்கிட்டவன்தானே!"

அமைச்சக ஆள் முதலில் கைதட்டினார். எண்ணிய விரல்களும் சேர்ந்துகொண்டன. அவள் தோளில் ஒரு ஜரிகை மேலங்கியைப் போர்த்திவிட்டார்கள்.

மறு ஆண்டுப் பாடநூலில் 'சர்பலந்த் முறிவு' என்ற புது யாப்பு உத்தி முழுதாக ஒரு பக்கம் பிடித்தது. அலகிட்டு உதவிய மஹ்ஃபிரத்துக்கு அடியில் நன்றி வேறு.

ஜூன் தேர்வில் மஹ்ஃபிரத் திருத்திய ஒரு தாளில் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: 'இது முறிவு அல்ல, பிழை. இங்கே வேறொரு சிறிய பெயர் இருந்திருக்க வேண்டும்.' விடைக்குறிப்பின்படி இதற்குச் சுழி மதிப்பெண்.

பக்கத்து மேசை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, பேனா தீர்ந்துபோச்சா?"

தீரவில்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. சுழியைப் போட்டாள். வட்டம் கோணாமல்தான் வந்தது.