நீல டிக்

"யாராவது அந்த போனை ஆஃப் பண்ணுங்கப்பா" என்று பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தபோது, சுப்ரஜா ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அப்பாவின் போன் மறுபடியும் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. காலையிலிருந்து இப்படித்தான். யார் இரங்கல் செய்தி அனுப்பினாலும் அந்தப் பெண் குரல், ஃப்ளைட் கிளம்பப் போவதை அறிவிப்பதுபோல, கொஞ்சமும் கலங்காமல் பேசியது.

பெட்டிக்குள் அப்பா துளசிங்கம், மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். முடிச்சூருக்கும் தாம்பரத்துக்கும் பதினெட்டு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். சர்க்கரை கண்ணைத் தின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்படியும் ஊசி போட யாரையும் விடமாட்டார். இன்சுலின் பேனாவைக் காதோரம் வைத்துத் திருகி, க்ளிக் சத்தத்தை எண்ணி, தானே வயிற்றில் போட்டுக்கொள்வார்.

அந்தப் பிடிவாதத்தின்மேல்தான் சுப்ரஜாவுக்கு ஆத்திரம். நேற்றிலிருந்து அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

நேற்று காலை ஏழே முக்காலுக்கு, அவள் எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டில் நிற்கும்போது லேபிலிருந்து போன் வந்தது. முந்தின நாள் அப்பா கொடுத்த ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைவு, டாக்டரைப் பார்க்கும்வரை ஊசி வேண்டாம் என்றார்கள். அப்பாவை இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை, குளித்துக்கொண்டிருக்கும் நேரம். பின்னால் வரிசை நெட்டித் தள்ளியது. போனை லாக்கரில் வைத்தால் சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். அவசரமாகத் தமிழில் தட்டினாள்: 'அப்பா, இன்னிக்கு ஊசி போடாத. சுகர் ரொம்ப கம்மி. மொதல்ல சாப்பிடு.'

பதினோரு மணிக்குத் தையல் மெஷினிலிருந்து அவளை எழுப்பி, அப்பா இறந்த செய்தியைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். லாக்கரிலிருந்து எடுத்த போனில் அப்பாவின் மிஸ்டு கால் மூன்று இருந்தது. அவள் அனுப்பிய செய்திக்குக் கீழே இரண்டு நீல டிக். படித்திருக்கிறார். படித்துவிட்டும் ஒன்பது மணி ஊசியைப் போட்டுக்கொண்டார்.

சுப்ரஜா உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டு பெட்டியருகே வந்தாள். அது புது போன். பழையது பேட்டரி உப்பிப் போனதால், நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அண்ணன் அன்பு எட்டு நாளைக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தது. "இன்னாப்பா, உன் போன் இங்கிலீஷ்லாம் பேசுது?" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

வாசலில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் மாமா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தாம்பரம்-பீச் மின்சார ரயில் வண்டியில் ஊக்கு, சீப்பு, செல்போன் கவர் விற்பவர். அப்பாவுக்குப் பார்வை போனபிறகு கோல் பிடிக்கவும் திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் போனில் விரலோட்டவும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு அதன் கால்மாட்டிலேயே உட்கார்ந்தார். போன் மறுபடி பேசியது.

"பாப்பா, அது இன்னும் இங்கிலீஷ்லதான் பேசிக்கினு கீதா?"

"ஆமா மாமா."

"நேத்து காலைல உங்கப்பன் எனக்குப் போன் பண்ணான். நான் வண்டில இருந்தேன். 'பாப்பா இன்னாமோ அனுப்பிச்சிகீது, தொறந்தா சத்தமே வர்லடா'ன்னான். பக்கத்து வூட்ல காட்டுடான்னேன். எல்லாம் வேலைக்குப் பூட்டாங்கன்னான்."

சுப்ரஜா போனைத் திருப்பிப் பார்த்தாள். "சத்தம் வரலயா? தமிழ்லதான மாமா எழுதினேன்?"

"அதான் பாப்பா. இங்கிலீஷ் கொரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேரைச் சொல்லும், டைமைச் சொல்லும், எழுத்து வந்தா ஊமையாப் பூடும். பழைய போன்ல தமிழ் கொரல் இருந்துச்சு, இதுல தனியா எறக்கணும்."

"நீங்க எறக்கியிருக்கலாமே மாமா?"

"ஞாயித்துக்கெழம வந்து பாத்தேனே. பாஸ்வேர்டு கேட்டுச்சு. அது அன்புத் தம்பியாண்ட கீது. கஸ்டமர் கேருக்குப் போட்டோம். 'வாய்ஸ் வருதுல்ல சார்? அப்ப போன்ல கம்ப்ளைண்ட் இல்லை'ன்னு வச்சிட்டான். தம்பிக்கு உங்கப்பன் எத்தினி வாட்டி அடிச்சான் தெரியுமா? உன்னாண்ட சொல்லாதன்னான். பொண்ணு நாளெல்லாம் மிஷின்ல ஒழைச்சிட்டு வருது, இது வேற எதுக்குன்னு."

அவள் போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். நேற்று அவர் கூப்பிட்டவை: 8.12 சுப்ரஜா. 8.13 சுப்ரஜா. 8.20 சுப்ரஜா. 8.24 முனிரத்தினம். 8.31 அன்பு. 8.40 அன்பு. ஒன்றுகூட எடுக்கப்படவில்லை, மாமாவினுடையதைத் தவிர. ஒன்பது மணி அவருடைய ஊசி நேரம்.

அன்பு வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியருகே, சடங்குக்காகச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். சுப்ரஜா போனை அவன் முன்னால் நீட்டினாள்.

"தமிழ் வாய்ஸ் போடு."

"என்னது?"

"தமிழ் வாய்ஸ். எட்டு நாளாக் கேட்டாராமே. போடு."

"லூசா நீ? இப்பவா? ஐயர் கூப்பிடறாரு."

"இப்பத்தான்."

"சண்டே வரேன்னு சொல்லியிருந்தேன் சுப்ரஜா. ரிலீஸ் வேலை, வர முடியல. பேஸிக் இங்கிலீஷ்தானே, பழகிக்குவார்னு நெனச்சேன்."

"அம்பத்தாறு வயசுல, கண்ணு தெரியாம, போன் பேசறதைப் புரிஞ்சிக்க அவர் இங்கிலீஷ் படிக்கணுமா? நீ கண்ணைத் தொறந்துக்கினு அஞ்சு நிமிஷம் ஒக்கார முடியாது?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். போடு."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனைப் போனை வாங்க வைத்தது. தொட்டிச் சுவரில் சாய்ந்து விரலை ஓட்டினான். பாஸ்வேர்டாக அவன் தட்டியது அவனுடைய பைக் நம்பர். சிக்னல் குறைவாக இருந்ததால் பச்சைக்கோடு மெதுவாக நகர்ந்தது. பந்தலில் சங்கு ஊதினார்கள். "மகன் எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள். இருவரும் அசையவில்லை. நான்கு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"வந்துடுச்சு" என்று நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "நான் நேத்து அனுப்பினதைத் தொடு."

தொட்டான். கொஞ்சம் மூக்கடைத்த ஒரு ஆண் குரல், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், ஒரே ஓட்டமாகச் சொன்னது: "அப்பா இன்னிக்கு ஊசி போடாத சுகர் ரொம்ப கம்மி மொதல்ல சாப்பிடு."

அன்பு திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தொட்டிக்குள் கையை விட்டு முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான், நிறுத்தாமல், இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்து அழைத்துப் போகும்வரை.

பாடை புறப்பட்டது. தெருமுனையில், கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டிப்போட்ட இடத்தில், வழக்கம்போல் பெண்கள் நின்றுவிட்டார்கள். ஆண்கள் தப்பு மேளச் சத்தத்தோடு முன்னே போனார்கள். முனிரத்தினம் மட்டும் மண்மேட்டில் கோலை ஊன்றி, எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுப்ரஜா போய் அவர் கையை எடுத்துத் தன் தோள்மேல் வைத்தாள்.

"ஏய், பொம்பளப் புள்ள அதுக்கு மேல போகக்கூடாதுடி" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அவள் நடந்தாள்.

"பாப்பா, முன்னால இன்னா கீது?" என்று மாமா கேட்டார்.

"பள்ளம், மாமா. எடது பக்கமா வாங்க. ஒரு பலகை போட்டிருக்காங்க, மூணு அடி இருக்கும். இப்ப கால் வைங்க. ஆங். அடுத்து ஜல்லி. மெதுவா. அதுக்கப்புறம் தார் ரோடு, நேரா."